எர்லிந்தாவின் கதவு

எர்லிந்தாவுக்குச் சோறு வடிக்க வராது. அவளைப் பற்றி நல்லதாக நிறையச் சொல்லப் போகிறேன். பிறகு யாரும் என்னைப் பாரபட்சக்காரி என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அடி பிடிக்கும், மேலே அரிசி விறைத்து நிற்கும், நடுவில் கஞ்சியாக இருக்கும். அதையும் தக்காளி போட்டு மறைத்து நம் தட்டில் கொட்டிவிட்டு, "எப்படி இருக்கு, கொமாத்ரே?" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள். நன்றாக இல்லை என்று சொல்லும் தைரியம் எங்கள் தெருவில் எவருக்கும் கிடையாது.

அவள் மகள் நயேலிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் நான், மத்ரீனா என்று கூப்பிடுவாள். அதனால்தான் நானும் எர்லிந்தாவும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிடுகிறோம். சண்டை போட்டாலும் மரியாதையோடுதான் போட வேண்டும், அது எங்கள் வழக்கம். "உங்களுக்கு மூளை கழண்டுடுச்சா, கொமாத்ரே?" என்று வாங்க போங்க போட்டுத்தான் திட்டிக்கொள்வோம்.

மெக்சிகோவின் மிச்சோவாக்கானிலிருந்து கல்யாணம் ஆவதற்கு முன்பே எல்லை தாண்டி நடந்து வந்தவள் எர்லிந்தா. கலிபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் பறிக்கிற பழம் அத்தனையும் பறித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆரஞ்சு பேக்கிங் கொட்டகையில் நிலைத்தாள். ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று, வெடித்ததையும் அழுகியதையும் பொறுக்கி எறிகிற வேலை. கண்ணை மூடினால் பழம் உருளுகிறது என்பாள். குளித்துவிட்டு வந்தாலும் அவள் கையில் பழத்துக்குப் பூசுகிற மெழுகின் வாசனை இருக்கும். கல்யாண வீட்டில் ஆட முதலில் எழுந்து கடைசியில் உட்காருகிறவளும் அவள்தான். இத்தனை வருஷம் இங்கே உழைத்தும், இந்த நாட்டில் தங்க அனுமதிக்கிற காகிதம் அவளுக்குக் கிடையாது. எனக்கு உண்டு, என் புருஷன் வழியாக வந்தது. நயேலிக்கும் உண்டு, இங்கே பிறந்தவள். எர்லிந்தாவுக்கும் அவள் புருஷன் ரோஹெலியோவுக்கும்தான் இல்லை.

ரோஹெலியோ மரியாதை தெரிந்த மனிதர். அவருடைய கெட்ட காலம் அதுதான். ஒரு நாள் காலையில் யாரோ கதவைத் தட்டி, ஒரு ஆளைத் தேடுகிறோம், இந்தப் படத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கிறவரை வெளியே நிற்க வைத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர், கதவைத் திறந்தார். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாராம். வந்தவர்கள் மிக்ரா, குடியேற்ற அதிகாரிகள். இப்போது அவர் மிச்சோவாக்கானில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். மகள் வளர்வதை போனில் பார்க்கிறார்.

அன்றிலிருந்து எர்லிந்தா கதவைத் திறப்பதில்லை. வாசல் கதவையும் சுவர் என்றே நினைத்துக்கொள் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தட்டினால் பேசக் கூடாது. டிவியை அணைக்க வேண்டும். போனின் சத்தத்தை நிறுத்த வேண்டும். ஜன்னலுக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே ஜன்னல் இல்லை. பள்ளிக்கூடத்தில் நிலநடுக்கத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவார்களே, அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழக்குவாள். ஞானத்தாய் என்ற பெயர்தான் எனக்கு, எனக்கும் சலுகை கிடையாது. முதலில் போன் செய்ய வேண்டும். பிறகு பின்பக்கமாக வர வேண்டும். கூட யாரும் இருக்கக் கூடாது.

"உங்க பக்கத்துல ஒரு ஆள் நின்னாலும் திறக்க மாட்டேன், கொமாத்ரே. கோவிச்சுக்காதீங்க."

"பக்கத்துல நம்ம சாமியார் நின்னா?"

"சாமியாரா இருந்தா என்ன? உங்கள முன்னால நிறுத்திட்டு பின்னால அவனுங்க நிப்பானுங்க. எத்தன வீடியோ பாத்திருக்கேன்."

வீடியோ. அதைச் சொன்னால்தான் நயேலியின் கதை வரும்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பால் விலை ஏறினதும் யார் மகளுக்கு யாரோடு என்பதும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது வெள்ளை வேன் மட்டும்தான் ஓடுகிறது. பெட்ரோல் பங்க் அருகில் வெள்ளை வேன். பள்ளிக்கூடம் பக்கம் வெள்ளை வேன், கண்ணாடி கறுப்பு. ஒருமுறை தெரு முழுக்கக் கதவடைத்து நாங்கள் எல்லோரும் தரையில் கிடந்தோம். வந்தது எவள் வீட்டுக் கல்யாணத்துக்கோ கேக் கொண்டுவந்த வண்டி. பிறகு சிரித்தோம். ஆனால் சிரிக்கும்போதும் எவளும் வாசலுக்கு வரவில்லை.

பெரியவர்கள் நாங்கள் குரல் செய்தி கேட்டு நடுங்கினோம் என்றால், பிள்ளைகள் கண்ணால் பார்த்து நடுங்கினார்கள். நயேலிக்குப் பதினைந்து வயது. பாழாய்ப்போன போன் அவளுக்கு ஒரு வீட்டுக் கதவை உடைப்பதைக் காட்டும். அதை அவள் கடைசி வரை பார்த்தாள் என்று தெரிந்துகொண்டு இன்னொன்றைக் காட்டும். அம்மாவை இழுத்துப் போவார்கள், பிள்ளை பின்னால் ஓடும். அடுத்தது. அடுத்தது. தூங்குவதற்கு முன் கொஞ்சம் பார்க்கிறேன் என்று எடுப்பாள், தூக்கம் போய்விடும். தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. முகம் சுண்டிப் போனது. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் என் ஜன்னலுக்கு வந்து, "மத்ரீனா, உங்க பீன்ஸ்ல உப்பு போட அரசாங்கம் தடை போட்டிருக்கா?" என்று கேலி பண்ணுகிற பிள்ளை. நான் அங்கேதான் பரிமாறுகிறேன். இப்போது தட்டை நீட்டுவாள், நான் போடுவதைப் பார்க்கக் கூட மாட்டாள். கண் போனில் இருக்கும்.

போனில் ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவள் அம்மா. மகளின் நச்சரிப்புத் தாங்காமல் எர்லிந்தா தான் இருக்கிற இடம் மகளின் போனில் தெரியும்படி செய்து வைத்திருந்தாள். கணக்குப் பாடத்திலும் சரித்திரப் பாடத்திலும் அந்தப் பிள்ளை படித்தது அந்தப் புள்ளியைத்தான்.

ஒரு நாள் மத்தியானம் வரிசையில் நின்றவள் கையிலிருந்து தட்டு விழுந்தது. நான் ஓடிப்போனேன். மூச்சு உள்ளே போகவில்லை அவளுக்கு. உதடு வெளுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பால் கூடைகள் மேல் உட்கார வைத்தேன்.

"புள்ளி நின்னு போச்சு, மத்ரீனா."

"எந்தப் புள்ளிடி?"

"அம்மா. நகரவே இல்ல. போன் எடுக்கல. பிடிச்சுட்டாங்க."

"குளிர்கிடங்குக்குள்ள போயிருப்பா. அங்க சிக்னல் வராதுன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும்," என்றாள். "தெரிஞ்சும் இப்படி ஆகுது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருந்தது. எர்லிந்தாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் முதலில் செய்தது, போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியது. போன் இல்லாத பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? பாதி வகுப்பில் எழுந்து பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுகொண்டாள், தெருவைப் பார்த்துக்கொண்டு. போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவதாகச் செய்தது, மந்திரித்துப் பார்க்கிற சோலே அம்மாவிடம் கூட்டிப் போனது. நயேலிக்குப் பயந்த கோளாறு என்று எர்லிந்தா முடிவு கட்டிவிட்டாள். சோலே அம்மா முட்டையை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உருட்டி, மூலிகைக் கொத்தால் தட்டி, முட்டையைத் தண்ணீரில் உடைத்துப் பார்த்து, பெரிய பயம் என்று சொன்னாள். அதைச் சொல்ல ஒரு முட்டை வேறு தண்டம். ஆனால் நயேலி அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினாளாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அடுத்த நாளே பழையபடி ஆகிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தபோதே, நயேலி வாய்விட்டுக் கேட்டாள். எர்லிந்தா கல்லில் தொர்த்தியா, சோள ரொட்டி, சுட்டுக்கொண்டிருந்தாள். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் டாக்டரப் பாக்கணும். மனசுக்குப் பாக்குற டாக்டர். ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்காங்க, அதுக்குன்னே. நீ ஒரு தடவ வந்து கையெழுத்து போடணுமாம்."

"பைத்தியக்கார டாக்டரா? நம்ம வம்சத்துல யாருடி பைத்தியம்?"

"பைத்தியம் இல்லம்மா. பயம்."

"ராத்திரி பகலா அந்தக் கண்ராவியையே பாத்தா பயம் வராம என்ன வரும், பூசணி மிட்டாயா?" கையிலிருந்த தொர்த்தியாவைக் கல்லில் அறைந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அப்போதுதான் அவள் மனதிலிருந்தது வெளியே வந்தது. "அங்க போய் நீ சொல்லுவ. அவங்க எழுதிக்குவாங்க. எழுதினா பேர் கேப்பாங்க, விலாசம் கேப்பாங்க. அம்மா எங்க, அப்பா எங்கம்பாங்க. அம்மாவால பிள்ளைக்கு உடம்பு கெட்டுடுச்சுன்னு உன்ன எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. உங்க அப்பா போனது போதாதா எனக்கு?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க, கொமாத்ரே," என்றேன் நான். "நான் அங்க தினமும் பாக்குறேனே."

"உங்களுக்குக் காகிதம் இருக்கு. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க," என்றாள். எர்லிந்தா மகள் பக்கம் திரும்பி, "அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காத. அங்க உக்காந்துகிட்டு ஒண்ணும் பண்ண முடியாம துடிப்பாரு," என்றாள். நயேலி தலையாட்டினாள். அந்தப் பிள்ளைக்குத் தலையாட்டத்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

எர்லிந்தா கல் நெஞ்சக்காரி இல்லை. அன்றிரவிலிருந்து மகளின் கட்டிலிலேயே படுத்தாள். பிள்ளை தூங்கும்வரை நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளால் முடிந்ததை எல்லாம் செய்தாள், கதவைத் திறப்பதைத் தவிர.

மே மாதம் வந்தது. தார் ரோடு இளகுகிற வெயில். ஒரு வியாழக்கிழமை காலை, பக்கத்து ஊரில் ஒரு பேக்கிங் கொட்டகைக்கு மிக்ரா வந்துவிட்டதாக ஒரு வீடியோ பரவியது. பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண்ணை இருவர் கையைப் பின்னால் மடக்கி நடத்திப் போகிறார்கள். பின்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. குட்டை, அகலம், தலையில் வலை. நயேலிக்கு அதை எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கணக்கில்லை. எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண் தன் அம்மா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள்.

அது எர்லிந்தா இல்லை. பயத்தில் எர்லிந்தா வேலை செய்த கொட்டகையையும் மூடிவிட, அவள் மத்தியானமே வீடு வந்து சேர்ந்தாள். மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை, எழவும் இல்லை. "நான் வந்துட்டேன்ல, அசடே, எந்திரி," என்று எர்லிந்தா அவளை உலுக்கினாள். நயேலி அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னைக்கு வந்துட்ட," என்றாள். எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். முகம் கழுவப் போகிறாள் என்று எர்லிந்தா நினைத்தாள்.

உள்ளே நடந்ததை நயேலியே பிறகு எனக்குச் சொன்னாள். இனி இந்தப் பயத்தோடு ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. செத்துப் போனால் பயம் நின்றுவிடும் என்று தோன்றியிருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்துவிட்டது. அதுவரை மிக்ராவுக்குப் பயந்தவள், அந்தச் சின்ன அறைக்குள் தன் கைக்கே பயந்தாள். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். மறுபக்கம் யாரோ உடனே பதில் எழுதினார்கள். பக்கத்தில் பெரியவங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டார்கள்.

"அம்மா இருக்காங்க. அவங்களுக்கும் பயம்," என்று எழுதினாளாம்.

ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். போலீஸ் வருமா என்று இவள் கேட்டாள். வராது. காகிதம் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் அதே பதில். சரி, அனுப்புங்கள் என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் அவளுக்குக் கதவு ஞாபகம் வந்தது.

நான் வேலை முடிந்து ஏப்ரனோடு தெருவுக்குள் நுழைந்தபோது, எர்லிந்தா வீட்டு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. வாசல் படியில் இரண்டு பெண்கள், கழுத்தில் அட்டை தொங்கியது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். எனக்குக் காகிதம் இருந்து என்ன பயன்? தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திரை இழுக்கப்பட்டது. என் போன் அதிர்ந்தது. குழுவில் எர்லிந்தாவின் குரல், தரையில் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி: "என் வாசல்ல நிக்கிறாங்க. பொண்ணு பேரச் சொல்லித் தட்டுறாங்க. யாரும் திறக்காதீங்க. எங்களுக்காக வேண்டிக்கோங்க."

அடுத்த அதிர்வு நயேலி. "மத்ரீனா, நான்தான் வரச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாது. நான் பாத்ரூம்ல இருக்கேன். எனக்கு என்னமோ ஆயிடும்போல இருக்கு. சீக்கிரம் வாங்க."

ஓடினேன். அந்த இருவரில் இளையவள் பெயர் கிராசியேலா, எல் சால்வடோர்க்காரிபோலப் பேச்சு. மாவட்டத்தின் மனநல உதவிக் குழு என்றாள். "அந்தப் பொண்ணு கூப்பிட்டா, நாங்க வந்தோம். உள்ள ஆள் நடமாட்டம் இருந்துச்சு, தட்டினதும் நின்னுடுச்சு. நீங்க யாரு?"

"ஞானத்தாய்."

"அவங்க அம்மாவத் திறக்கச் சொல்லுங்க. பொண்ணு இப்ப பதில் எழுதறத நிறுத்திட்டா." என் காதருகே வந்து சொன்னாள். "இன்னும் பதில் வரலன்னா கதவ உடைக்க போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும். எனக்கு அது வேண்டாம். சத்தியமா வேண்டாம். ஆனா உள்ள ஒரு உசுரு இருக்கு."

நான் நயேலிக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. எர்லிந்தாவுக்குப் போன் அடித்தேன். சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள், அது அவள் போட்ட சட்டம். என் வாழ்நாளில் அப்படிப் பயந்தது கிடையாது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"கொமாத்ரே! அம்பாரோ பேசுறேன்! இவங்க மிக்ரா இல்ல! டாக்டர் வீட்டு ஆளுங்க!"

மறுபடியும் அடித்தேன்.

"நயேலிதான் கூப்பிட்டா! பாத்ரூம் கதவத் தட்டுங்க, கொமாத்ரே! அவ பதில் சொல்றாளான்னு பாருங்க! கடவுளே, எர்லிந்தா, பிள்ளையப் பாருங்க!"

உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் எர்லிந்தா தரையில் கிடந்தாள். என் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்டது. என்னை முன்னால் நிறுத்திப் பேச வைக்கிறார்கள் என்றுதான் அவள் நம்பினாள். அவள் சொல்லி வைத்தது போலவே எல்லாம் நடந்தது. மகள் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்ததும் அவளுக்குப் பெருமையாக இருந்ததாம். பழக்கினபடியே செய்திருக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்று நினைத்தாளாம். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆனால் பிள்ளையப் பாருங்க என்று நான் கத்தியது அவள் நெஞ்சில் எங்கேயோ தைத்திருக்கிறது. தவழ்ந்தபடியே பாத்ரூம் கதவுக்குப் போனாள். கதவோடு வாயை வைத்து, "நயேலி, சத்தம் போடாத, நான்தான்," என்றாள்.

நகத்தால் கதவைச் சுரண்டினாள்.

"அடியேய்."

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது தன் மகளின் குரல் மாதிரியே இல்லை என்கிறாள் எர்லிந்தா.

"அவங்கள நான்தான் வரச் சொன்னேன்மா."

"என்னடி உளர்ற? வெளியே நிக்கிறது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குச் சாகணும்போல இருக்குமா. சாகவும் பயமா இருக்கு. கைய ரெண்டையும் கோத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். விட்டா என்ன பண்ணுவேன்னு தெரியல."

"தாழத் திற. அம்மா இருக்கேன்ல."

"நீயும் பயப்படுற. நீ வந்து என்ன பண்ணுவ? அவங்கள உள்ள விடு."

எர்லிந்தா அப்போது பாத்ரூம் கதவின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நான் அடித்துக்கொண்டிருந்த கதவு.

வெளியே எனக்கு இது எதுவும் தெரியாது. கிராசியேலாவோடு வந்த பெண் வேனுக்குப் போய் போனைக் கையில் எடுத்துவிட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று நான் அவள் பக்கம் கையை ஆட்டினேன். அந்த நேரம் உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. படுக்கையறைப் பக்கம் போனது. அலமாரி திறந்தது. எங்கேயோ எதையோ இழுக்கிற சத்தம். என்ன செய்கிறாள் இந்த மனுஷி, ஒளிந்துகொள்கிறாளா, பிள்ளை அங்கே கிடக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். மரியாதையெல்லாம் காற்றில் போனது.

தாழ் விலகியது. சங்கிலி விழுந்தது. ரோஹெலியோ போன பிறகு முதல் தடவையாக, தட்டியவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது.

எர்லிந்தா நின்றாள். மே மாத வெயிலில், கழுத்துவரை ஜிப் போட்ட தடித்த ஜாக்கெட். காலில் ஷூ, இறுக்கிக் கட்டியிருந்தாள். கூந்தலை அள்ளி முடிந்திருந்தாள். காதில் தோடு இல்லை, விரலில் கல்யாண மோதிரம் இல்லை. முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கிராசியேலாவைப் பார்த்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுச் சேர்த்து நீட்டினாள்.

"பொண்ணு பாத்ரூம்ல இருக்கா," என்றாள். "அவளுக்கு உடம்பு சரியில்ல. அவ இங்க பொறந்தவ, அவள ஒண்ணும் பண்ணாதீங்க. முதல்ல அவளப் பாருங்க. நான் ஓட மாட்டேன்."

கிராசியேலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த நீட்டின கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களப் பிடிக்க வரலம்மா," என்றாள். எர்லிந்தாவைத் தாண்டி உள்ளே ஓடினாள். மற்றவளும் பின்னால் ஓடினாள்.

நான் எர்லிந்தாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நிஜமாவே டாக்டர் ஆளுங்களா, கொமாத்ரே?"

"ஆமா. தொண்ட கிழியக் கத்தினேனே!"

"கேட்டுச்சு," என்றாள். "நான் நம்பல."

"நம்பாமலா திறந்தீங்க?"

அவள் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கிராசியேலா பாத்ரூம் கதவருகே தரையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. நடுநடுவே நயேலியின் விசும்பல். எர்லிந்தா என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப் போயின. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், அந்தப் பிள்ளை எழுந்து நடந்து வர வேண்டும் என்று.

பாத்ரூம் தாழ் திறக்கிற சத்தம் கேட்டது.

நயேலி கிராசியேலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கி, முடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது. கூடத்தில் திறந்து கிடந்த வாசலையும், உள்ளே கொட்டிய வெயிலையும் அவள் பார்த்தாள். வெயிலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா ஜாக்கெட் போட்டிருக்க?"

எர்லிந்தா மகளின் முகத்திலிருந்து முடியை ஒதுக்கிவிட்டாள்.

"பிடிச்சு வைக்கிற இடம் ரொம்பக் குளிரும்னு உங்க அப்பா சொல்லியிருக்காருடி."